‘ஹேவ்’: நம் ‘இரு’ நிற்கும் இடம்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வந்துவிடுகிற வினைச்சொல் ‘ஹேவ்’. ‘ஐ ஹேவ் எ பென்’, என்னிடம் ஒரு பேனா இருக்கிறது. புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் பல வருடம் ஆங்கிலத்தில் பேசி எழுதிப் பழகியவர்களும் தடுமாறுகிற சொல் இதுதான். ஒரு வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று நான் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ‘இங்கே ஹேவிங் வராது’ என்று திருத்திக் கொடுத்தார். ஏன் வராது என்று கேட்டதற்கு, ‘அது அப்படித்தான்’ என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. காரணத்தைத் தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. அகராதியில் ‘ஹேவ்’ என்ற சொல்லுக்குக் கீழே வரிசையாக நிற்கும் அர்த்தங்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆங்கிலம் ‘ஹேவ்’ போடுகிற முக்கியமான இடங்களிலெல்லாம் தமிழ் ‘இரு’ என்ற சொல்லைப் போடுகிறது. இதைக் கண்டுகொண்டால் நமக்கு ஏற்கனவே தெரிந்த தமிழே பாதி வேலையைச் செய்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு சின்னக் குறிப்பு. இந்தச் சொல்லின் வடிவங்கள் நான்கு: ஹேவ், ஹேஸ், ஹேட், ஹேவிங். இவற்றில் வரும் உயிரொலி தமிழில் இல்லை. ‘எ’வுக்கும் ‘ஆ’வுக்கும் நடுவில் இருக்கும் குறுகிய ஒலி அது. வெறுப்பைக் குறிக்கும் வேறொரு ஆங்கிலச் சொல்லையும் தமிழில் ‘ஹேட்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரையில் அது எங்கும் வராது.

தமிழில் உடைமையை எப்படிச் சொல்கிறோம் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.’ ‘என்னிடம் சாவி இருக்கிறது.’ ‘வீட்டில் மூன்று அறைகள் இருக்கின்றன.’ ‘மேஜைக்கு நாலு கால்.’ சொந்தபந்தம், நோய், நேரம் என்றால் ‘எனக்கு’. கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள் என்றால் ‘என்னிடம்’. இடமாக இருந்தால் ‘இல்’. கடைசி வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. இந்த நான்கையும் ஆங்கிலம் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது. ‘ஐ ஹேவ் எ சிஸ்டர்’, ‘ஐ ஹேவ் த கீ’, ‘த ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்’, ‘த டேபிள் ஹேஸ் ஃபோர் லெக்ஸ்’. வீடும் மேஜையும்கூட உடைமைக்காரர்களாகிவிடுகின்றன.

வித்தியாசம் இங்கேதான். தமிழ் வாக்கியத்தில் எழுவாய் தங்கை, இருப்பது அவள். நான் ஓரமாக ‘எனக்கு’ என்று நிற்கிறேன். ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் நான், தங்கை செயப்படுபொருள். நாடகம் அதேதான், மேடையில் யார் நடுவில் நிற்பது என்பது மட்டும் மாறுகிறது. இதைக் கவனிக்காமல் தமிழ் வரிசையிலேயே போகும்போதுதான் ‘ஃபார் மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்’ என்ற வாக்கியம் பிறக்கிறது. அதைச் சொல்கிறவருக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தமிழின் இலக்கணத்துக்கு உண்மையாக இருக்கிறார், அவ்வளவுதான்.

‘ஷி ஹேவ்’ என்று வாய் தவறுவதற்கும் இதுதான் வேர் என்று நினைக்கிறேன். ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’, ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்று தமிழில் வினை மாறுவது தம்பிகளின் எண்ணிக்கையைப் பார்த்து. ஆங்கிலத்தில் எத்தனை தம்பிகள் இருந்தாலும் ‘ஐ ஹேவ்’தான். உடைமைக்காரர் யார் என்பதை மட்டும் பார்த்தால் போதும். நான், நீ, நாங்கள், அவர்கள் என்றால் ‘ஹேவ்’. அவன், அவள், அது, அல்லது ஒருமையில் ஒரு பெயர் என்றால் ‘ஹேஸ்’. கடந்த காலத்தில் அந்தக் கவலையும் இல்லை, எல்லோருக்கும் ‘ஹேட்’. ‘டஸ்’, ‘டிட்’, ‘வில்’, ‘கேன்’, ‘டு’ ஆகியவற்றில் ஏதாவது ஒன்று முன்னால் வந்துவிட்டால், பின்னால் வருவது வெறும் ‘ஹேவ்’ மட்டும்தான். ‘டஸ் ஷி ஹேஸ் எ கார்?’ என்பது தவறு. ‘டஸ் ஷி ஹேவ் எ கார்?’ என்பதுதான் சரி. ஒருமைக்கான அடையாளத்தை ‘டஸ்’ ஏற்கனவே சுமந்துவிட்டது, இன்னொரு முறை சுமக்க வேண்டியதில்லை.

‘வைத்திரு’ என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். ‘அவர் கார் வைத்திருக்கிறார்’ என்கிறோமே. உண்மைதான், ஆனால் அதன் எல்லை குறுகியது. ‘நான் தலைவலி வைத்திருக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. நாம் பிடித்து, பராமரித்து, கையாளக்கூடியதற்கு மட்டுமே அது பொருந்தும். அந்தக் காலத்துத் தமிழில் ‘உடையேன்’, ‘உடையான்’ என்று முழுமையான உடைமை வினை இருந்தது. திருக்குறளின் அதிகாரப் பெயர்களைப் பாருங்கள்: அன்புடைமை, அடக்கமுடைமை, அறிவுடைமை, பண்புடைமை. அந்தச் சொல் இன்று ‘என்னுடைய’ என்பதில் ஒரு ஒட்டாக மட்டும் நம் வாயில் தங்கியிருக்கிறது. பேச்சில் அதன் இடத்தை ‘எனக்கு இருக்கிறது’ எடுத்துக்கொண்டுவிட்டது.

இதில் தமிழ் தனியாகவும் இல்லை. ரஷ்ய மொழியில் ‘என் பக்கத்தில் இருக்கிறது’ என்ற மாதிரிதான் உடைமையைச் சொல்வார்கள். ஐரிஷ் மொழியிலும் பின்னிஷ் மொழியிலும் அப்படித்தான். ஹிந்தியில் பொருளைப் பற்றிச் சொல்லும்போது ‘மேரே பாஸ்’, அதாவது என் அருகே. பழைய லத்தீனில் ‘மிஹி எஸ்ட்’ என்று ஒரு வழக்கு உண்டு. அதை அப்படியே தமிழாக்கினால் ‘எனக்கு இருக்கிறது’ என்றே வரும். உடைமைக்கென்று தனி வினைச்சொல் வைத்துக்கொள்ளாத மொழிகள் உலகில் நிறையவே இருக்கின்றன.

ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான கதை. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹப்பன்’. ஜெர்மன் மொழியின் ‘ஹாபன்’ அதன் உடன்பிறப்பு. இன்னும் பின்னால் போனால் ‘பற்றிப் பிடி’ என்று பொருள்படும் ஒரு வேர் கிடைக்கிறது. லத்தீனில் அதே வேர் ‘காபெரெ’ என்று வளர்ந்தது. ஆங்கிலத்தின் ‘கேப்ச்சர்’ அதன் வழியாக வந்ததுதான். லத்தீனில் உடைமையைக் குறிக்கும் ‘ஹாபெரெ’ என்ற சொல்லும் உண்டு. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, ஆனால் ‘ஹேவ்’ என்பதற்கு அது உறவே இல்லை. அதன் உறவினர், ஆச்சரியமாக, ‘கொடு’ என்று பொருள்படும் ஆங்கிலத்தின் ‘கிவ்’. சரி, நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ‘ஹேவ்’ அடிப்படையில் கையில் பிடித்திருப்பதைச் சொன்ன சொல். தமிழ் ‘அருகில் இருக்கிறது’ என்று பார்த்ததை ஆங்கிலம் ‘பிடித்திருக்கிறேன்’ என்று பார்த்தது.

‘ஹேவிங்’ எப்போது வரும், எப்போது வராது?

என் விண்ணப்பத்தில் அடிபட்ட விஷயத்துக்கு வருவோம். ‘ஹேவ்’ இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஒரு நிலையைச் சொல்வது: தம்பி இருக்கிறான், அனுபவம் இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது. இன்னொன்று, ஒரு செயலைச் சொல்வது: சாப்பிடுவது, குடிப்பது, குளிப்பது, கூட்டம் நடத்துவது, பேசுவது. செயலுக்கு ஆரம்பமும் முடிவும் உண்டு, அதனால் ‘இப்போது நடந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்ல முடியும். ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ முழுக்கச் சரி. நிலைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ உறுத்துகிறது, ‘ஐ ஹேவ் எ டவுட்’ உறுத்துவதில்லை.

எது நிலை, எது செயல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் காதையே கேட்கலாம். வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, வினையோடு ‘கொண்டிருக்கிறேன்’ சேர்த்துப் பாருங்கள். ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்’ சரியாக ஒலிக்கிறது. ‘எனக்கு ஒரு தம்பி இருந்துகொண்டிருக்கிறான்’? ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தமிழில் ‘இருந்துகொண்டிருக்கிறது’ ஒட்டாத இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேவிங்’ ஒட்டாது. இந்தச் சோதனை என்னை இதுவரை பெரும்பாலும் கைவிட்டதில்லை. விதிவிலக்குகூட இரண்டு மொழிகளிலும் சேர்ந்தே வருகிறது. ‘ஒரு வாரமாகத் தலைவலி இருந்துகொண்டே இருக்கிறது’ என்று நாம் சொல்வோம், விட்டு விட்டு வருவதைக் குறிக்க. ஆங்கிலத்திலும் ‘ஐ ஹேவ் பீன் ஹேவிங் ஹெட்ஏக்ஸ்’ என்பது அதே பொருளில் நல்ல வாக்கியம்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு ஜோடி வாக்கியம் போதும். ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, அல்லது இந்த நொடி பிறந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு ‘இங்’தான், சேதியே மாறிவிடுகிறது.

செயல் வகையில் ‘ஹேவ்’ தன் அர்த்தத்தைப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லிடம் ஒப்படைத்துவிடுகிறது. ‘ஹேவ் எ லுக்’ என்றால் பார், ‘ஹேவ் எ ரெஸ்ட்’ என்றால் ஓய்வெடு, ‘ஹேவ் எ பாத்’ என்றால் குளி. அமெரிக்கர்கள் சிலவற்றில் ‘டேக்’ போடுவார்கள். ‘டேக் எ ஷவர்’ அவர்கள் வழக்கு, ‘ஹேவ் எ ஷவர்’ பிரிட்டிஷ் வழக்கு. இரண்டும் எங்கேயும் புரியும், அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்குவதெல்லாம் ‘ஐ ஹேவ்’ ஆகிவிடாது. ‘எனக்குத் தெரியும்’ என்றால் ‘ஐ நோ’. ‘எனக்குப் பிடிக்கும்’ என்றால் ‘ஐ லைக்’. ‘எனக்குப் பசிக்கிறது’ என்றால் ‘ஐ ஆம் ஹங்ரி’. ‘எனக்கு வயது 20’ என்றால் ‘ஐ ஆம் ட்வென்டி’. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் பசியையும் வயதையும் தங்கள் உடைமை வினையால்தான் சொல்கிறார்கள்: பசி வைத்திருக்கிறேன், 20 வருடம் வைத்திருக்கிறேன் என்பதுபோல. ஆங்கிலம் அந்த வழியில் போகவில்லை. ‘இருக்கிறது’ என்ற சொல் தமிழில் வருகிறதா என்று பாருங்கள், வந்தால்தான் ‘ஹேவ்’ பற்றி யோசிக்க வேண்டும். ‘எனக்குக் காய்ச்சல் இருக்கிறது’, ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’.

செய்து முடித்ததைச் சொல்லும் ‘ஹேவ்’

‘ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்.’ கடிதத்தை எழுதியிருக்கிறேன். இந்தத் தமிழ் வாக்கியத்தைப் பிரித்தால் எழுதி, இருக்கிறேன். மறுபடியும் ‘இரு’. ஆங்கிலத்தில் மறுபடியும் ‘ஹேவ்’. இது ஏன் இப்படி என்று நான் முதலில் யோசித்தபோது வெறும் தற்செயல் என்றே நினைத்தேன். ஆங்கிலத்தின் பழைய வடிவத்தைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் இந்த வாக்கியம் ‘எழுதப்பட்ட நிலையில் கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்ற பொருளில் தொடங்கியது. அதாவது கடிதம் கையில் இருக்கிறது, எழுதி முடிந்த நிலையில் இருக்கிறது. காலப்போக்கில் கையில் இருப்பது என்ற பொருள் தேய்ந்து, முடிந்த வேலையின் விளைவு இப்போதும் இருக்கிறது என்ற பொருள் மட்டும் நிலைத்தது. தமிழும் ‘எழுதி’ என்பதோடு ‘இரு’வைச் சேர்த்து அதே ஊருக்கு வேறு வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வா, போ போன்ற வினைகளுக்கு ஆங்கிலமே முன்பு ‘ஹேவ்’ போடவில்லை. ‘ஹி இஸ் கம்’ என்றுதான் சொல்வார்கள். நம் ‘வந்திருக்கிறான்’ மாதிரியே. ஜெர்மன் மொழியில் இன்றும் அந்த வழக்கு உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் ‘ஹேவ்’ மெல்ல மெல்ல எல்லா வினைகளையும் பிடித்துக்கொண்டது.

இவ்வளவு ஒற்றுமைக்கு நடுவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நாம் அடிக்கடி விழுகிற பள்ளம். ‘2019இல் அங்கே போயிருக்கிறேன்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் கான் தேர் இன் 2019’ என்று சொல்லக் கூடாது. ‘ஹேவ்’ நிகழ்கால வடிவம். அதன் ஒரு கால் எப்போதும் ‘இப்போது’ என்பதில் ஊன்றியிருக்கும். நேற்று, போன மாதம், 2019 என்று முடிந்துபோன ஒரு காலத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் அந்தக் கால் வழுக்கிவிடும். அப்போது ‘ஐ வென்ட் தேர் இன் 2019’. வருடத்தை எடுத்துவிட்டு, வாழ்க்கையில் எப்போதோ ஒருமுறை என்று சொன்னால் ‘ஐ ஹேவ் பீன் தேர்’. இங்கே ‘கான்’ என்பதை விட்டுவிட்டு ‘பீன்’ போட்டிருப்பதையும் கவனியுங்கள். ‘ஹி ஹேஸ் கான் தேர்’ என்றால் அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ‘ஹி ஹேஸ் பீன் தேர்’ என்றால் போய்த் திரும்பிவிட்டார். தமிழின் ‘போயிருக்கிறார்’ இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், எதைச் சொல்ல வருகிறோம் என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது கட்டாயம். ‘ஐ ஹேவ் டு கோ.’ இதைப் ‘போக வேண்டும்’ என்று பெயர்த்தால் தப்பில்லை. ஆனால் இன்னும் நெருக்கமான தமிழ் ‘போக வேண்டியிருக்கிறது’. பாருங்கள், இங்கேயும் ‘இரு’. ‘போக வேண்டியிருக்கிறது’ என்று சொல்லும்போது சூழ்நிலை நம்மை நெருக்குகிறது என்ற தொனி வருகிறதே, அதே தொனிதான் ‘ஹேவ் டு’வில் இருக்கிறது. ‘மஸ்ட்’ அப்படியில்லை, அது சொல்கிறவரின் வாயிலிருந்தே வரும் கட்டாயம், ‘போயே ஆக வேண்டும்’. எதிர்மறையில் இரண்டும் வெகுதூரம் விலகிவிடும். ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்றால் போக வேண்டியதில்லை, விருப்பம் உங்களுடையது. ‘யூ மஸ்ட் நாட் கோ’ என்றால் போகக் கூடாது. இதைக் குழப்பினால் அனுமதி தடையாகிவிடும். பேச்சில் ‘ஹேவ் டு’ என்பது ‘ஹேஃப்டு’ என்று ஒலிக்கும். பின்னால் வரும் ‘ட்’ ஒலி ‘வ்’வை ‘ஃப்’ ஆக்கிவிடுகிறது. காதில் அப்படி விழுந்தால் திகைக்க வேண்டாம், அது இதேதான்.

‘ஷுட் ஹேவ்’, ‘மே ஹேவ்’, ‘குட் ஹேவ்’ வகையையும் இதே சாவியால் திறக்கலாம். ‘ஐ ஷுட் ஹேவ் கான்’ என்றால் போயிருக்க வேண்டும். ‘ஹி மே ஹேவ் கம்’ என்றால் வந்திருக்கலாம். ‘ஷி மஸ்ட் ஹேவ் சீன் இட்’ என்றால் பார்த்திருப்பாள். ஒவ்வொன்றிலும் ‘ஹேவ்’ நிற்கும் இடத்தில் நம் ‘இரு’ உட்கார்ந்திருக்கிறது. வேகமாகப் பேசும்போது இந்த ‘ஹேவ்’ சுருங்கி ‘ஷுடவ்’ என்று ஒலிப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பலர் எழுதும்போது அதை ‘ஆஃப்’ என்று தவறாக எழுதிவிடுகிறார்கள். நமக்கு அந்தத் தவறு வருவது அபூர்வம். உள்ளே ஒரு ‘இரு’ இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

பிறரைக் கொண்டு செய்விப்பதில் மட்டும் தமிழும் ஆங்கிலமும் உண்மையிலேயே பிரிகின்றன. முடிவெட்டும் கடைக்குப் போய் வந்து ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்கிறோம். கொத்தனார் கட்டிய வீட்டை ‘நான் கட்டினேன்’ என்கிறோம். கேட்பவருக்குப் புரியும். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் நீங்களே கத்தரிக்கோல் எடுத்து வெட்டினீர்கள். மற்றவர் வெட்டினார் என்றால் ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’. முதலில் ‘ஹேவ்’, பிறகு பொருள், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். இந்த வரிசைதான் எல்லாம். ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் த ஃபோன்’ என்றால் போனை நானே பழுதுபார்த்திருந்தேன். ‘ஐ ஹேட் த ஃபோன் ரிப்பேர்ட்’ என்றால் யாரிடமோ கொடுத்துச் சரிசெய்துகொண்டேன். சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை, போன் இடம் மாறியது, வேலை செய்த ஆளே மாறிவிட்டார்.

நாம் கேட்டுக்கொள்ளாமலே நம் தலையில் விழுவதற்கும் இதே வரிசை உதவும். ‘ஹி ஹேட் ஹிஸ் பேக் ஸ்டோலன்’ என்றால் அவருடைய பை திருடுபோய்விட்டது. அவர் திருடச் சொன்னார் என்று அர்த்தமில்லை. நபரை நேராகக் குறிப்பிட்டால் வினை வெறும் வடிவத்தில் வரும்: ‘ஐ ஹேட் ஹிம் ரைட் இட்’, அவரை எழுத வைத்தேன்.

‘ஹேவ் காட்’ பற்றி ஒரே வரி: பேச்சு வழக்கில் ‘ஐவ் காட் எ கார்’ என்பதும் ‘ஐ ஹேவ் எ கார்’ என்பதும் ஒன்றே.

கடைசியாக, புதிதாகப் படிப்பவர்களை அச்சுப்பிழையோ என்று நினைக்க வைக்கும் ஒன்று. ‘ஷி ஹேஸ் ஹேட் திஸ் பெயின் ஃபார் எ வீக்.’ ‘பை தென் ஷி ஹேட் ஹேட் த பெயின் ஃபார் எ வீக்.’ ஏன் இரண்டு முறை? தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரமாக அவளுக்கு இந்த வலி இருந்திருக்கிறது. அதற்குள் ஒரு வாரமாக அவளுக்கு அந்த வலி இருந்திருந்தது. முதல் ‘இரு’ வலியைச் சொல்கிறது, இரண்டாவது ‘இரு’ காலத்தைச் சொல்கிறது. ‘ஹேட் ஹேட்’ என்பது ‘இருந்திருந்தது’.